கன்னத்தில் பஞ்சு

பிப்ரவரி 11

என் வாலுக்கு,

நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. போன தடவை கேட்டதற்கே இன்னும் பதில் வந்து சேரவில்லை. நாற்பது வயதாகிறது, பாதித் தலை வழுக்கை, அக்காவுக்கு நாலு வரி எழுத மட்டும் ஐயாவுக்கு நேரமில்லை. அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாயா இல்லையா? உன் அத்தான் தினமும் கேட்கிறார். "பல் டாக்டரோட மச்சான் சொத்தைப் பல்லோட சுத்துறான்னு தெரிஞ்சா, நான் கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான்" என்கிறார்.

சிரிப்பு இத்தோடு போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் பஸ் டிரைவர் வீட்டில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோம். எங்கள் வழிபாடு உனக்குத் தெரியும். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது, ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்போம். கல்யாணமான புதிதில் எனக்குத் தூக்கம்தான் வந்தது. இப்போது அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் வாரம் ஓடாது. அன்றைக்குக் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். டிரைவர், அவர் மனைவி, இசை டீச்சர், ஓய்வுபெற்ற தபால்காரர், நாலு பேரையும் கொண்டுபோய்விட்டார்கள். அனுமதியில்லாமல் கூடிய குற்றத்துக்கு மூன்று வருடம். வீட்டுக்கு சீல் வைத்துவிட்டார்கள். டிரைவரின் இரண்டு பெண்களும் இப்போது எங்களோடு. சின்னவளுக்கு ஐந்து வயது. நான் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நிற்கிறாள்.

நீ வெளியுறவு அமைச்சகத்தில் உட்கார்ந்திருக்கிறாய். இந்த நாட்டு விவகாரமே உன் மேசைக்குத்தான் வருகிறது என்று போன வருடம் பெருமையடித்தாய். ஏதாவது செய்யேன்டா.

பல் வைத்தியச் சாமான் விற்கும் அம்மா மாதம் ஒரு முறை எல்லை தாண்டி வருகிறார். அச்செடுக்கும் மாவு டப்பாவுக்கு அடியில் வைத்து இதைக் கொண்டு வருவார். பதிலையும் அவரிடமே கொடு. தபாலில் போடாதே, எல்லாவற்றையும் பிரிக்கிறார்கள்.

உன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்கா,

திட்டு கிடைத்தது. நியாயமான திட்டு. பல் அப்படியே இருக்கிறது. பயம், வேறென்ன.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தச் சின்னவள் குளியலறை வாசலில் நிற்பது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

எங்கள் அலுவலகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், கேள். ஒவ்வொரு வருடமும் ஜூனில் ஓர் அறிக்கை வெளியிடுகிறோம். எந்தெந்த நாட்டில் சிறுபான்மை மதத்தவர் என்ன பாடு படுகிறார்கள் என்று. அதில் மோசமான நாடு என்று பெயர் வாங்கினால், அந்த நாட்டுக்கு நாம் கொடுக்கும் வணிகச் சலுகை நின்றுவிடும். அவர்களுடைய பாதித் துணி நம் துறைமுகத்துக்குத்தான் வருகிறது. அதனால் பயப்படுவார்கள். உன் நாட்டைப் பற்றிய அத்தியாயத்தை எழுதுவது நான்தான்.

ஆனால் இரண்டு வருடமாக அந்த அத்தியாயம் "நிலைமை கவலைக்குரியது" என்ற ஒரே வரியோடு முடிந்துபோகிறது. என் இயக்குநர் தங்கமான மனுஷி, ஆனால் கறார். "கண்ணீர் வேணாம், விவரம் கொண்டு வாங்க. விவரம் இருந்தா நான் அமைச்சர் வரைக்கும் போய்ச் சண்டை போடுறேன்" என்று நேற்றும் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரத் தாள் கோப்பில் இருக்க வேண்டும். அதில் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் எண் எழுத வேண்டும். இல்லையென்றால் அந்த வாக்கியம் அறிக்கைக்குள் போகாது.

ஆகவே எழுது. நாலு பேரைப் பிடித்த தேதி, என்ன சட்டம், எந்தச் சிறை, யாரைப் பார்க்க விடுகிறார்கள், யாரை விடவில்லை, எல்லாம். பெயரையும் ஊரையும் நானே எடுத்துவிடுகிறேன். சத்தியம்.

உன் தம்பி


மார்ச் 27

என் வாலுக்கு,

நீ கேட்டதெல்லாம் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். தேதி, சட்டப் பிரிவு, சிறையின் பெயர், டிரைவர் மனைவியை இன்னும் யாரும் பார்க்க முடியவில்லை என்பது, தபால்காரருக்கு இதய மாத்திரை மறுக்கப்பட்டது. உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். அந்தத் தாளை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

இந்தத் தாள் உனக்கு. நீ சிரித்துப் பல நாளாயிற்று என்று உன் எழுத்திலேயே தெரிகிறது, அதற்காக.

நாங்கள் இப்போது எங்கே கூடுகிறோம் தெரியுமா? கிளினிக்கில்! உன் அத்தானின் யோசனை. பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பவர்களைவிட அமைதியாக உட்கார்ந்திருப்பவர்கள் உலகத்தில் உண்டா? செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு எட்டு பேர் ஒவ்வொருவராக வருவார்கள். நான் முன்னால் உட்கார்ந்து எல்லோருக்கும் டோக்கன் கொடுப்பேன். கன்னத்துக்குள் ஓர் உருண்டைப் பஞ்சை வைத்துக்கொண்டு, வீங்கின மாதிரி முகத்தைக் கையில் தாங்கி, கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார்கள். யார் எட்டிப் பார்த்தாலும், பாவம், வலி என்று போய்விடுவார்கள். போன வாரம் ஒரு போலீஸ்காரரே வந்தார், நிஜமான பல்வலியோடு. உட்கார இடமில்லை. எங்கள் பேக்கரிக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். போலீஸ்காரர் ஒரு மணி நேரம் எங்களோடு வழிபாட்டில் இருந்துவிட்டுப் போனார், அவருக்கே தெரியாமல். அன்றைக்கு நான் பின்கட்டுக்கு ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உன் அத்தானுக்கு இடுக்கி கையில் நிற்கவில்லை.

தையல்காரம்மாவுக்கு மட்டும் பஞ்சு தேவைப்படுவதில்லை. அவருக்கு நிஜமாகவே மூன்று சொத்தை. வழிபாடு முடிந்து வைத்தியமும் பார்த்துக்கொண்டு போகிறார். "எனக்கு ரெண்டு லாபம்" என்கிறார்.

சிரித்தாயா? சிரித்துவிட்டுப் பல்லைப் பிடுங்கு.

உன் அக்கா


ஜூன் 5

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்து எழுதவே முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்!

அறிக்கை வெளியாகிவிட்டது. உன் நாட்டுக்கு இந்த முறை ஒரு வரி இல்லை, பதினோரு பக்கம். நேற்று அமைச்சர் அவையில் எழுந்து அதிலிருந்து வாசித்தார். நாலு பேரின் கதையை வாசித்தபோது ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த மாதிரி எத்தனையோ கேட்டவர்கள் அவர்கள். பிறகு அமைச்சர் ஒரே ஒரு வாக்கியம் வாசித்தார். "கடவுளை நினைக்க அவர்கள் பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு, நோயாளிகளைப் போல நடிக்க வேண்டியிருக்கிறது." அவை அப்படியே அடங்கிப்போயிற்று அக்கா. எதிர்க்கட்சியில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அதிகாரிகள் மாடத்தில் இருந்து பார்த்தேன். ஓட்டெடுப்பில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. நாலு பேரையும் விடும்வரை சலுகை நிறுத்தம்!

எல்லாம் நீ எழுதிய அந்த ஒரு பத்தி. சிரிக்க வைக்க எழுதினாய், ஒரு நாட்டையே எழுந்து நிற்க வைத்துவிட்டாய். கவலைப்படாதே, ஜாக்கிரதையாகத்தான் செய்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை. கிழமையைக்கூட எடுத்துவிட்டேன். உன் நாட்டில் எத்தனை நூறு பல் டாக்டர்கள்!

இயக்குநர் என் தோளைத் தட்டினார். "இது விவரம்" என்றார்.

அத்தானுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன் தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்பே உன் அறிக்கை இங்கே வந்துவிட்டது.

அவர்களுக்கு ஊர் தேவைப்படவில்லை. பெயரும் கிழமையும் தேவைப்படவில்லை. நாடு முழுக்க ஒவ்வொரு பல் கிளினிக்காகப் போனார்கள். காத்திருப்பு அறையில் யார் இருந்தாலும் "வாயைத் திற" என்றார்கள். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

எங்களிடம் செவ்வாய்க்கிழமை நாலே காலுக்கு வந்தார்கள். நான் டோக்கன் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். முன்பு பல்வலியோடு வந்த அந்தப் போலீஸ்காரரும் இருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒவ்வொருவராகப் போய் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பேக்கரிக்காரரின் வாயில் பஞ்சு. பற்கள் முத்து மாதிரி இருந்தன. உன் அத்தான் பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்த பற்கள். அதுவே சாட்சியாகிவிட்டது. ஏழு பேர் வாயிலிருந்தும் பஞ்சை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண் எழுதினார்கள். நீயும் எண் எழுதுவாய் அல்லவா.

தையல்காரம்மாவின் வாயைப் பார்த்துவிட்டு "இது நிஜ நோயாளி, போகச் சொல்" என்றார்கள். அவர் போகவில்லை. "நானும் இவங்களோட ஆள்தான்" என்று கத்தினார். தள்ளி விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

உள்ளேயிருந்து உன் அத்தான் வந்தார். கையுறையைக் கழற்றினார், கையைக் கழுவினார், என்னிடம், "தையல்காரம்மாவுக்கு மருந்து வச்ச பல்லை வியாழக்கிழமைக்குள்ள அடைக்கணும், பக்கத்து ஊர் டாக்டர்கிட்ட அனுப்பிடு" என்றார். அவரோடு சேர்த்து எட்டு பேரைக் கொண்டுபோய்விட்டார்கள். என்னைத் தொடவில்லை. என் வாயில் பஞ்சு இல்லை. நான் டோக்கன் மட்டும் கொடுப்பவள், வழிபாட்டில் சேராதவள் என்று உன் அத்தான் அடித்துச் சொல்லிவிட்டார்.

இரண்டு தாள் எழுதினேன். எது உனக்கு, எது உன் ஆபீசுக்கு என்று பிரித்து எழுதினேன். உனக்கு அது தெரியவில்லையா?

அக்கா


ஜூலை 14

அக்கா,

எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் சொல்ல முடியாமல் இருக்கிறது. அந்தத் தாள் எனக்கு என்று தெரியும். அதைப் படித்தபோது சிரித்தேன், சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்தேன். அந்த வரி போதும், எல்லோரும் அசந்துபோவார்கள் என்று தோன்றியது. அசந்துபோனார்கள். நான் பாவி.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அத்தான் யார் என்பதையும். அவர் அந்தத் தாளை எடுத்து இன்னொரு முறை படித்தார். பிறகு ஒரு வழி சொன்னார். அத்தானின் பெயரையும் படத்தையும் வெளியிட்டு, இந்த ஒரு டாக்டரை விடு என்று அமைச்சர் பகிரங்கமாகக் கேட்பார். உலகம் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளை அவர்களால் வைத்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டு மாதத்தில் அவரையும் உன்னையும் விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிடலாம். பஸ் டிரைவரின் பெண்களையும் கூட்டிக்கொண்டு வா. வீடு பார்த்து வைக்கிறேன்.

சரி என்று ஒரே ஒரு வார்த்தை எழுது. வேறெதுவும் எழுதாதே.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

சரி இல்லை.

உன் அத்தானைப் பார்க்க விட்டார்கள், பத்து நிமிடம். நீ சொன்னதைச் சொன்னேன். அவர் சிரித்தார். இளைத்துப்போயிருக்கிறார். "நான் மட்டும் விமானம் ஏறிட்டா, மத்த ஏழு பேரோட பல்லை உள்ள யார் பார்த்துப்பாங்க?" என்றார். பிறகு சிரிக்காமல், "எல்லாரும், இல்லேன்னா யாரும் வேணாம்" என்றார்.

அதோடு அவர் சொன்ன இன்னொன்று. இந்த அரசாங்கத்துக்கு மானம் பெரிது. ஊரறியக் கேட்டால் செத்தாலும் தர மாட்டார்கள். அறைக் கதவைச் சாத்திவிட்டு, துணி வியாபாரத்தையும் வைத்துக்கொண்டு கேட்டால் தருவார்கள். கேட்டது வெளியே தெரியக் கூடாது. கொடுத்ததும் தெரியக் கூடாது. உங்கள் அமைச்சருக்குக் கைதட்டல் கிடைக்காது. உனக்கும் யாரும் தோளைத் தட்ட மாட்டார்கள். அது முடியுமா உன்னால்?

இத்துடன் பன்னிரண்டு பெயர்கள். பழைய நாலு, புது எட்டு. எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்.

என் கடிதத்தைக் கோப்பில் வைத்திருக்கிறாய். அதை எனக்குத் திருப்பி அனுப்பு.

அக்கா


நவம்பர் 3

அக்கா,

போன வாரம் அமைச்சர் உன் நாட்டுத் தலைநகருக்கு வந்து போனார். விருந்து, கைகுலுக்கல், துறைமுக ஒப்பந்தம், நிறுத்திய சலுகையைத் திரும்பத் தருவதாக வாக்கு. செய்தியாளர் கூட்டத்தில் மதம் என்ற சொல்லே வரவில்லை. இங்கே பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டுகின்றன. துணிக்காக மனசாட்சியை விற்றுவிட்டோமாம். அவையில் கண்ணாடியைத் துடைத்தவர் எழுந்து "வெட்கக்கேடு" என்றார்.

அந்தப் பயணத்தில் ஒரு காகிதம் கைமாறியது. தலைப்பு இல்லை, முத்திரை இல்லை, பன்னிரண்டு வரி. தட்டச்சு செய்தது நான். இதற்கு மேல் உனக்கும் எழுத மாட்டேன்.

இயக்குநரைச் சம்மதிக்க வைக்கத் தலையால் தண்ணீர் குடித்தேன். கடைசியில் அவர் சொன்னது: "அந்த வாக்கியம் இல்லாட்டி சலுகையை நிறுத்தியிருக்க முடியாது. சலுகையை நிறுத்தலேன்னா இன்னைக்கு அவங்க நம்மகூட உட்கார்ந்தே பேசியிருக்க மாட்டாங்க. அதையும் நீங்க சுமக்கணும், இதையும் சுமக்கணும்." அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. ஆறுதலுக்காகச் சொன்னவர் மாதிரியும் தெரியவில்லை.

உன் கடிதம் இத்துடன் இருக்கிறது. கோப்பில் ஏறிய தாளை எடுப்பது குற்றம். ஏழு வருடம் வரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எடுத்துவிட்டேன். விசாரணை நடந்தது. "குடும்பக் கடிதம், தவறிக் கோப்பில் சேர்ந்துவிட்டது" என்றேன். பொய் இல்லை. கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். இனி எந்த நாடும் என் மேசைக்கு வராது, குழாய்க் கசிவுதான் வரும்.

சிவப்புக் கோட்டை அழிக்கப் பார்த்தேன். போகவில்லை, மன்னித்துக்கொள்.

தம்பி


ஜனவரி 22

தம்பிக்கு,

வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேரும்.

யாருக்கும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில், ஒருவர் இருவராக, வெவ்வேறு நாளில் விட்டார்கள். டிரைவரும் அவர் மனைவியும் வந்த அன்று, சின்னவள் அம்மாவிடம் போகாமல் என் காலைக் கட்டிக்கொண்டாள். ஒரு வருடமாயிற்று அல்லவா. பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு போனாள். அந்த அம்மா அழவே இல்லை, நான்தான் ஊரைக் கூட்டினேன்.

தபால்காரர் வந்த நாலாம் நாள் இறந்துபோனார். தன் கட்டிலில், தன் ஆட்கள் நடுவே.

உன் அத்தானின் வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இனி இடுக்கி பிடிக்க முடியாது. கிளினிக்குக்குப் புதிதாக வந்த நர்ஸம்மா செய்கிறார், இவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறார். பிடுங்குவதற்கு மட்டும் பக்கத்து ஊருக்கு அனுப்புகிறார்.

அவர் உன்மேல் கோபமாக இல்லை. "பஸ் டிரைவரும் அவர் சம்சாரமும் வெளிய வந்தது யாரால? அவனாலதான். அதையும் எழுது" என்கிறார். எழுதிவிட்டேன். உண்மைதான். அதனால்தான் உன்னை வாயாரத் திட்டக்கூட எனக்கு முடியவில்லை. ஆனால் தினமும் சாப்பாட்டில் அவர் இடது கையால் ஸ்பூனைப் பிடிக்கிறார். அப்போது உன் ஞாபகம் வருகிறது. எனக்கு இன்னும் நாளாகும் தம்பி. ஆகாமலே போனாலும் போகலாம்.

உன் சிவப்புக் கோடு போட்ட கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். போடுமுன் ஒரு தடவை படித்தேன். நல்ல கடிதம். அந்த மாதிரி எனக்கு இனி எழுத வராது. எழுத உட்கார்ந்தால், இந்த வரியின் கீழே கோடு விழுமோ என்று கை நிற்கிறது. விசேஷம் எழுதும் கடைசிக் கடிதம் இதுதான். இனி இருக்கிறோம் என்று மட்டும் எழுதுவேன். அதையும் நிறுத்த மனசு வரவில்லை.

அக்கா


ஏப்ரல் 30

தம்பிக்கு,

இருக்கிறோம். மழை பெய்தது. ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டோம்.

அக்கா


மே 24

அன்புள்ள அக்கா,

இங்கேயும் மழை. மூன்றாம் மாடியில் ஒழுகுகிறது, ஆளை அனுப்பியிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். அத்தானிடம் சொல். மாலை நாலு மணிக்குத்தான் நேரம் கொடுத்தார்கள். காத்திருப்பு அறையில் ஆறு பேர், யாரும் யாரோடும் பேசவில்லை. டோக்கன் கொடுத்த பெண்ணை ஏறிட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை. பிடுங்கிய பிறகு டாக்டர் கன்னத்துக்குள் ஓர் உருண்டைப் பஞ்சை வைத்தார். "அழுத்திக் கடிச்சுக்கோங்க, ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது" என்றார்.

வெளியே வந்து, காத்திருப்பவர்களோடு திரும்ப உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரமும் வாயைத் திறக்கவில்லை, அக்கா.

உன் தம்பி